ஒரே கணத்தில் பல இடங்களுக்கு: கடிகாரத் துடிப்பைப் பங்கிடும் முறை

மின்னணுப் பொறிகள் பெரும்பாலானவற்றின் உள்ளும் ஒரு கடிகாரம் இயங்கிக்கொண்டிருக்கிறது. சுவரில் மாட்டிய கடிகாரத்தைப் போல அது மணி காட்டுவதில்லை. முள்ளும் அதற்கு இல்லை. சீரான இடைவெளியில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குவதே அதன் தொழில். தொலைபேசி நிலையம், கணிப்பொறி, துணை மின்நிலையத்தின் பாதுகாப்பு ரிலே ஆகிய யாவும் இத்துடிப்பின் ஆணைக்குக் கட்டுப்பட்டே செயல்படுகின்றன. துடிப்பை உண்டாக்குவது எளிது. உண்டாக்கிய துடிப்பை வேண்டிய எல்லா இடங்களுக்கும் உருக்குலையாமல், ஒரே கணத்தில் கொண்டு சேர்ப்பதே அரிது. அப்பணிக்கெனவே தனிச் சில்லுகள் செய்யப்படுகின்றன. தொழில் வழக்கில் அவற்றைப் பஃபர் என்றும் டிரைவர் என்றும் குறிப்பிடுவர்.

இப்பொருளை விளக்குவதற்குக் கேரளத்தின் கிழக்கு எல்லை மிகவும் ஏற்ற களமாகும். பாலக்காட்டுக் கணவாயில், வாளையாற்றுக்கு மேற்கே கஞ்சிக்கோட்டில், இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையின் பாலக்காட்டுப் பிரிவு 1976-இல் நிறுவப்பட்டது. எண்முறைத் தொலைபேசி நிலையக் கருவிகளை இந்நாட்டில் உற்பத்தி செய்யத் தொடங்கிய முன்னோடித் தொழிற்சாலைகளுள் அதுவும் ஒன்று. அதே 1976-இல் தெற்கே இடுக்கி நீர்மின் திட்டமும் இயங்கத் தொடங்கியது. மூலமற்றத்தில் மலையைக் குடைந்து அமைத்த அதன் மின்நிலையத்தில் 130 மெகாவாட் திறனுள்ள 6 பொறிகள் உள்ளன. இடுக்கியிலிருந்து மலைத்தொடரைக் கடந்து தமிழ்நாட்டின் உடுமலைப்பேட்டைக்கு 220 கிலோவோல்ட் மின்பாதை ஒன்று செல்கிறது. ஓரிடத்தில் பேச்சு, மற்றோரிடத்தில் மின்சாரம்; ஆயினும் காலக்குறிப்பைச் சரிவரப் பங்கிடாவிடில் இரண்டிலும் ஒழுங்கு குலைந்துவிடும்.

துடிப்பின் பணி

மின்னணுக் கடிகாரத்தின் இதயம் குவார்ட்ஸ் படிகத்தின் மெல்லிய தகடு ஆகும். மின்னழுத்தம் பட்டதும் அத்தகடு தன் இயல்பான அதிர்வெண்ணில் அதிர்கிறது. அந்த அதிர்வை ஒரு மின்சுற்று சதுர அலையாக மாற்றித் தருகிறது. வினாடிக்கு 10 கோடி முறை துடிக்கும் கடிகாரத்தை 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் என்பர். அதில் ஒரு சுற்றுக்கு ஆகும் காலம் 10 நானோ வினாடி, அதாவது ஒரு வினாடியை 100 கோடிக் கூறுகளாக்கினால் அவற்றுள் 10 கூறுகள்.

எண்முறைச் சுற்றில் செய்தியைத் தாங்கி நிற்கும் அடிப்படை உறுப்பு பிளிப்-பிளாப் எனப்படும். கடிகார அலை தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு ஏறும் விளிம்பில் அது தன் வாயிலில் உள்ள 0 அல்லது 1 என்னும் குறியை ஏற்றுக்கொள்கிறது. மற்ற நேரங்களில் வாயிலில் என்ன நிகழ்ந்தாலும் அதற்குப் பொருட்டில்லை. ஆனால் அந்த விளிம்பு வருவதற்குச் சிறிது நேரம் முன்பிருந்தே குறி நிலைபெற்றிருத்தல் வேண்டும். விளிம்பு வந்த பின்னும் சிறிது நேரம் மாறாதிருத்தல் வேண்டும். இவ்விரு நிபந்தனைகளில் எது தவறினாலும் பிளிப்-பிளாப் தவறான குறியை ஏற்கக்கூடும். கடிகாரப் பங்கீட்டின் விதிகள் யாவும் இவ்விரு நிபந்தனைகளைக் காப்பதற்காக எழுந்தவையே.

ஒன்று பலவாகும்போது

ஒரு படிக அலையாக்கி ஒரு சில்லை இயக்குவதில் சிக்கல் இல்லை. 16 சில்லுகளை இயக்க வேண்டுமாயின் சிக்கல் தொடங்குகிறது. ஒரே மடையிலிருந்து பல வாய்க்கால்களுக்கு நீர் திறந்தால் கடைமடையில் நீர் மெலிவது போல, ஒரே வெளியீட்டிலிருந்து பல உள்ளீடுகளை ஊட்டினால் துடிப்பு மெலிகிறது.

1960-களில் பரவிய 7400 வரிசைச் சில்லுகளில் இவ்வரம்பு வெளிப்படையானது. தாழ்நிலையில் ஒரு வெளியீடு 16 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைத் தாங்கும். ஓர் உள்ளீட்டிலிருந்து 1.6 மில்லி ஆம்பியர் வந்து சேரும். ஆகவே ஒரு வெளியீடு 10 உள்ளீடுகளை மட்டுமே இயக்க வல்லது. இக்காலத்துச் சில்லுகள் நிலையான மின்னோட்டத்தை ஏறத்தாழ எடுப்பதேயில்லை. ஆயினும் ஒவ்வோர் உள்ளீடும் ஒரு சிறு மின்தேக்கியைப் போல நடந்துகொள்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அம்மின்தேக்கிகள் யாவற்றையும் நிரப்பி வெறுமையாக்க வேண்டியுள்ளது.

ஒரு கணக்கினால் இதனைத் தெளியலாம். ஓர் உள்ளீட்டின் மின்தேக்குதிறன் 5 பிகோ பாரட் எனக் கொள்க. 16 உள்ளீடுகளுக்கு 80 பிகோ பாரட். பலகையின் செம்புத் தடங்களுக்கு 20 சேர்த்தால் மொத்தம் 100 பிகோ பாரட். வெளியீட்டின் உள்தடை 50 ஓம் என்றால், தடையையும் தேக்குதிறனையும் பெருக்கிவரும் கால மாறிலி 5 நானோ வினாடி. அலை 10 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காட்டிற்கு ஏற அதைப்போல் 2.2 மடங்கு, அதாவது 11 நானோ வினாடி ஆகும். ஆனால் 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் அலை உயர்நிலையில் இருப்பதற்குக் கிடைக்கும் நேரமே 5 நானோ வினாடிதான். அலை உச்சியை எட்டுமுன்பே இறங்கத் தொடங்கிவிடும். கூரிய விளிம்பு மழுங்கிய மேடாகிவிடும்.

இங்கேதான் பஃபர் சில்லு துணைக்கு வருகிறது. அது ஓர் உள்ளீட்டைப் பெற்று, அதே துடிப்பை 4, 5, 8 அல்லது 10 தனித்தனி வெளியீடுகளில் புதுவலிமையுடன் தருகிறது. மேற்கண்ட 16 உள்ளீடுகளையும் 4 வெளியீடுகளுக்குப் பிரித்தளித்தால், ஒவ்வொன்றின் மீதும் விழும் சுமை 25 பிகோ பாரட்டாகக் குறைகிறது. ஏறும் காலம் 3 நானோ வினாடிக்கும் கீழே வந்துவிடுகிறது. துடிப்பைப் புதிதாக உண்டாக்குவது பஃபரின் வேலையன்று. வந்ததை மாற்றாமல், சுமையை மட்டும் தாங்கிப் பகிர்ந்தளிப்பதே அதன் வேலை.

ஒரு சில்லுக்குள்ளேயே இச்சுமை எவ்வளவு பெரிதாகக்கூடும் என்பதற்கு 1992-இல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட ஆல்பா 21064 கணிச்சில்லு ஒரு சான்று. 200 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கிய அதில் கடிகாரத்தின் மீது விழுந்த சுமை 3,250 பிகோ பாரட். சில்லு செலவிட்ட மின்திறனில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைக் கடிகாரப் பங்கீடே உண்டது.

ஒரே கணத்தில் சேர்தல்

துடிப்பு வலிமையுடன் சேர்வது மட்டும் போதாது; எல்லா இடங்களுக்கும் ஒரே கணத்தில் சேர வேண்டும். பாலக்காட்டுப் பகுதிக் கோயில் விழாக்களில் பஞ்சவாத்தியக் கலைஞர்கள் நீண்ட வரிசைகளாக நின்று வாசிப்பதைப் பலர் கண்டிருப்பர். ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஆதலால் தலைவரின் அடி 34 மீட்டருக்கு அப்பால் நிற்பவர் காதில் வினாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்தே விழும். காதை மட்டும் நம்பித் தட்டுபவர் தாளத்தில் பின்தங்குவார். தலைவரின் கையசைவைக் கண்ணால் பார்த்துத் தட்டுபவர் பின்தங்கமாட்டார். தாளம் ஒன்றேயாயினும், அது வந்து சேரும் கணம் வேறுபட்டால் மேளம் சிதறும்.

மின்துடிப்புக்கும் இவ்விதியே பொருந்தும். அச்சிட்ட மின்சுற்றுப் பலகையின் செம்புத் தடத்தில் அது நானோ வினாடிக்கு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் செல்கிறது. ஒரு சில்லுக்குச் செல்லும் தடம் 5 சென்டிமீட்டரும், மற்றொன்றுக்குச் செல்லும் தடம் 20 சென்டிமீட்டரும் இருந்தால், வருகையில் 1 நானோ வினாடி வேறுபாடு தோன்றும். இவ்வேறுபாட்டைப் பொறியாளர்கள் ஸ்கியூ என்பர். 10 நானோ வினாடிச் சுற்றில் அது பத்தில் ஒரு பங்கு.

ஸ்கியூவினால் நேரும் பிழையை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். முதல் பிளிப்-பிளாப்பின் வெளியீடு கடிகார விளிம்பு வந்து 2 நானோ வினாடியில் மாறுகிறது. தடத்தில் 1 நானோ வினாடி கழித்து, மொத்தம் 3 நானோ வினாடியில் இரண்டாவது பிளிப்-பிளாப்பைச் சென்றடைகிறது. இரண்டுக்கும் கடிகாரம் ஒரே கணத்தில் வந்தால், இரண்டாவது பழைய குறியை ஏற்றிருக்கும், அதுவே சரி. இரண்டாவதற்குக் கடிகாரம் 4 நானோ வினாடி தாமதித்து வந்தாலோ, அதற்குள் புதிய குறி வாயிலில் வந்து நிற்கும். ஒரு படி தாண்டிப்போய்விடும். இப்பிழையைக் கடிகாரத்தின் வேகத்தைக் குறைத்துத் தீர்க்க இயலாது என்பதை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். துடிப்புகளின் இடைவெளியை எத்துணை நீட்டினாலும் அந்த 4 நானோ வினாடி அப்படியே நிற்கும். வேகத்தைக் குறைத்தும் தீராத பிழை கண்டால் ஸ்கியூவையும் ஐயுற வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

ஸ்கியூவைக் குறைக்கும் வழிகள் மூன்று. முதலாவது, பஃபரிலிருந்து ஒவ்வொரு சில்லுக்கும் செல்லும் தடங்களை ஒரே நீளமாக அமைத்தல். அருகில் உள்ள சில்லுக்குரிய தடத்தை வேண்டுமென்றே வளைத்து வளைத்து நீட்டுவர். பலகைகளில் பாம்பு போல நெளிந்து செல்லும் தடங்களின் பொருள் இதுவே. இரண்டாவது, வெளியீடுகளுக்கிடையே வேறுபாடு மிகக் குறைந்த பஃபரைத் தேர்தல். சைப்ரஸ் நிறுவனம் உருவாக்கிய சி-ஒய் 2305 என்னும் சில்லு ஓர் உள்ளீட்டை 5 வெளியீடுகளாக்குகிறது; அவற்றிடையே உள்ள வேறுபாடு 250 பிகோ வினாடிக்குள் அடங்கும். செம்புத் தடத்தில் அது 4 சென்டிமீட்டருக்கும் குறைவான நீளத்திற்குச் சமம். மூன்றாவது, பஃபரின் தாமதத்தையே நீக்கிவிடுதல். மேற்கூறிய சில்லு தன் வெளியீட்டை உள்ளீட்டுடன் இடைவிடாது ஒப்பிட்டு, இரண்டின் விளிம்புகளும் பொருந்தும்வரை தன்னைத் திருத்திக்கொள்கிறது. இவ்வகையைத் தாமதமிலாப் பஃபர் எனலாம்.

எதிரொலியும் நடுக்கமும்

மலைப்பாறையில் மோதிய குரல் திரும்பி வருவது போல, தடத்தின் முனையை அடைந்த மின்துடிப்பும் திரும்பி வரக்கூடும். தடத்திற்கென ஒரு சிறப்புத் தடைமதிப்பு உண்டு. பலகைகளில் அது பெரும்பாலும் 50 ஓமை ஒட்டியிருக்கும். முனையிலுள்ள தடை இதனின்றும் வேறுபட்டால் அலையின் ஒரு பகுதி எதிரொலிக்கும். எதிரொலி வந்து மோதும்போது ஏறிய அலை சற்றே தாழ்ந்து மீண்டும் ஏறலாம். பிளிப்-பிளாப் அதனை இரண்டு துடிப்புகளாக எண்ணிவிடும். கடிகாரம் ஒருமுறை அடிக்க, கருவி இருமுறை அடித்ததாகக் கொள்ளும்.

இதற்கு மாற்று எளியது. பஃபரின் வெளியீட்டை ஒட்டி, தொடராக ஒரு சிறு தடையை வைத்தால் போதும். பஃபரின் உள்தடை 17 ஓம் என்றால் 33 ஓம் தடையைச் சேர்க்க, மொத்தம் 50 ஓம் ஆகித் தடத்துடன் பொருந்துகிறது. திரும்பி வந்த அலை அங்கேயே அடங்கிவிடுகிறது. சில காசு விலையுள்ள இத்தடையைப் பயனற்றதெனக் கருதி, பழுதுபார்க்கும்போது கம்பியால் இணைத்துவிடுவது பெருந்தவறாகும்.

துடிப்புகளின் இடைவெளி ஒவ்வொரு முறையும் சிறிது கூடியும் குறைந்தும் வருவதை நடுக்கம் அல்லது ஜிட்டர் என்பர். மின்வழங்கியில் உள்ள இரைச்சல் இதற்கு ஒரு முக்கிய காரணம். பஃபர் சில்லின் மின்முனைக்கு மிக அருகே 0.1 மைக்ரோ பாரட் மின்தேக்கி ஒன்றை வைப்பது இக்காரணத்தினாலேயே.

தொலைபேசி நிலையத்தில்

பலகைக்குள் கண்ட இவ்விதிகள் அறைக்கும் ஊருக்கும் நாட்டிற்கும் விரிந்து பொருந்துகின்றன. எண்முறைத் தொலைபேசியில் குரல் வினாடிக்கு 8,000 முறை அளக்கப்படுகிறது. அதாவது 125 மைக்ரோ வினாடிக்கு ஒருமுறை. அவ்விடைவெளிக்குள் 32 காலக்கூறுகள் வரிசையாகச் செல்கின்றன. ஒவ்வொன்றிலும் 8 குறிகள். இவற்றைப் பெருக்கினால் வினாடிக்கு 20,48,000 குறிகள் ஆகும். பேசுபவரின் கூறு எது, கேட்பவரின் கூறு எது என்பதைக் காலத்தைக் கொண்டே நிலையம் அறிகிறது. முகவரி என்று தனியாக எதுவும் இல்லை. வந்த கணமே முகவரி.

ஆகவே இரு நிலையங்களின் கடிகாரங்கள் சிறிதளவு வேறுபட்டாலும், ஒன்று அனுப்புவதை மற்றொன்று ஏற்கும் வேகம் ஒவ்வாமற்போகும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருப்பின், 125 வினாடிக்கு ஒருமுறை ஒரு சட்டகம் முழுவதும் தவறவோ, இருமுறை படிக்கப்படவோ நேரும். இதனைச் சறுக்கல் என்பர். பேச்சில் அது ஒரு சிறு ‘டிக்’ ஒலி மட்டுமே. தொலைநகலிலும் கணிப்பொறிச் செய்தியிலும் அது பிழையாகவே முடியும். எனவே உலகத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் விதிப்படி, ஒரு நாட்டின் தலைமைக் கடிகாரம் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குக்கு மேல் பிசகலாகாது. அத்தகைய இரு கடிகாரங்கள் எதிர்த்திசைகளில் உச்ச அளவு பிசகினாலும், சறுக்கல் ஏறத்தாழ 72 நாட்களுக்கு ஒருமுறையே நேரும்.

தலைமைக் கடிகாரத்தின் துடிப்பைப் பெரிய நிலையங்கள் பெற்றுச் சிறிய நிலையங்களுக்கு வழங்குகின்றன. ஒவ்வொரு நிலையமும் இவ்வகையில் ஒரு பஃபரே ஆகும். மேலிருந்து வரும் துடிப்பு அறுந்துவிட்டால், இதுவரை அறிந்த வேகத்தை நினைவில் வைத்துத் தானே சில காலம் நடத்திச் செல்லும் திறனும் அதற்கு உண்டு.

கைபேசிக் கோபுரங்களில் இத்தேவை மேலும் கடுமையாகிறது. ஒரே அலைவரிசையில் மாறிமாறி அனுப்பியும் பெற்றும் இயங்கும் முறையில், கோபுரங்களின் காலம் பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோ வினாடிக்கு மேல் விலகலாகாது. பல கோபுரங்கள் துணைக்கோள் ஏற்பியிலிருந்து நேரத்தைப் பெறுகின்றன. இடுக்கியின் குறுகிய பள்ளத்தாக்குகளிலோ, மரச்செறிவின் நடுவிலோ வானம் சிறிதளவே தெரியும். தன் இருப்பிடத்தை முதன்முதலில் கணிக்க ஏற்பிக்கு 4 துணைக்கோள்கள் வேண்டும்; இடம் உறுதியான பின்னர் நேரத்தை மட்டும் பெற ஒரு துணைக்கோளே போதும். ஆகவே மலைப்பகுதிகளில் ஏற்பியை நிலையிட நேரக்கருவியாக அமைத்து, முதல் கணிப்பு முடியும்வரை பொறுத்திருத்தல் இன்றியமையாதது.

மலை கடந்த மின்பாதையில்

இடுக்கி–உடுமலைப்பேட்டை போன்ற மின்பாதை காட்டையும் செங்குத்தான சரிவையும் கடந்து செல்வது. அத்தகைய பாதையில் பழுது நேரும்போது, பழுதான இடத்தைக் கண்டறிவதே ஊழியர்களின் முதற்பாடு. பழுது தோன்றிய கணத்தில் இரு திசைகளிலும் ஒரு மின்னலை ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பாய்கிறது. இரு முனைகளிலும் அது வந்து சேர்ந்த நேரங்களைக் குறித்து ஒப்பிட்டால் பழுதின் தொலைவு கிடைத்துவிடும். வருகை நேரங்களின் வேறுபாட்டை வேகத்தால் பெருக்கி, பாதையின் நீளத்தோடு கூட்டிப் பாதியாக்குவதே கணக்கு.

இரு முனைகளின் கடிகாரங்களும் ஒத்திருந்தாலன்றி இக்கணக்கு பயன்படாது. கடிகாரங்கள் 1 மைக்ரோ வினாடி பிசகினால் குறிக்கப்படும் இடம் 150 மீட்டர் விலகும். அது ஒரு கோபுர இடைவெளிக்குள் அடங்கிவிடும். 10 மைக்ரோ வினாடி பிசகினால் 1.5 கிலோமீட்டர் விலகும். மலைப்பகுதியில் அது வேறொரு சரிவாகவே இருக்கலாம். மழைக்காலத்தில், யானைகள் நடமாடும் காட்டில், இருளில் கோபுரம் கோபுரமாகத் தேடிச் செல்லும் ஊழியர்களுக்கு அந்த மைக்ரோ வினாடிகளின் விலை தெரியும்.

துணை மின்நிலையத்தில் ஒரு துணைக்கோள் ஏற்பி பல ரிலேக்களுக்கு நேரத்தை வழங்குகிறது. இங்கும் ஒரு வெளியீட்டிலிருந்து பல உள்ளீடுகள் என்னும் பழைய சிக்கலே எழுகிறது. புதிய ரிலேக்களை ஒவ்வொன்றாக அதே கேபிளில் சேர்த்துக்கொண்டே போனால், ஒரு நாள் துடிப்பின் அழுத்தம் வரம்புக்குக் கீழே தாழும். சில ரிலேக்கள் நேரத்தை இடையிடையே இழக்கும். ஏற்பியைக் குறை கூறுவதில் பயனில்லை. நடுவே ஒரு பங்கீட்டுப் பெருக்கியை அமைப்பதே தீர்வு. கேபிளின் நீளமும் கணக்கில் சேரும். இணையச்சுக் கேபிளில் துடிப்பு மீட்டருக்கு ஏறத்தாழ 5 நானோ வினாடி தாமதிக்கிறது. 100 மீட்டர் கேபிள் அரை மைக்ரோ வினாடியை விழுங்கிவிடும். இத்தாமதத்தைக் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு பெரும்பாலான ஏற்பிகளில் உண்டு; நிறுவும்போதே கேபிளின் நீளத்தை அளந்து பதிதல் வேண்டும்.

தென்னக மின்கட்டம் 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதையின் வழியே நாட்டின் பிற பகுதிகளுடன் ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது. அதுமுதல் மூலமற்றத்தின் பொறிகளும் இமயமலைச் சாரலின் பொறிகளும் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. தாளம் ஒன்றேயாயினும் இடத்திற்கு இடம் அலையின் கோணம் வேறுபடும். அக்கோண வேறுபாடே மின்சாரம் எத்திசையில் எவ்வளவு பாய்கிறது என்பதைக் காட்டும். 50 ஹெர்ட்ஸ் அலையில் 1 பாகைக் கோணம் 55.6 மைக்ரோ வினாடிக்குச் சமம். ஆகவே கோணத்தை அளக்கும் கருவிகள் நாடெங்கும் சில மைக்ரோ வினாடிக்குள் ஒத்த நேரத்தைக் கொண்டிருத்தல் வேண்டும். இந்திய நேரத்தைப் பேணும் பொறுப்பு புதுடெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தினுடையது. சீசியம் அணுவின் 919,26,31,770 அதிர்வுகளே ஒரு வினாடி என்பது 1967-இல் உலக நாடுகள் ஏற்ற வரையறை. அத்தகைய அணுக்கடிகாரம் முதல் பலகையின் மீதுள்ள சிறு பஃபர்வரை ஒரே பணி படிப்படியாக நடைபெறுகிறது.

களப் பணியாளர் கவனத்திற்கு

கடிகாரப் பழுது தன்னைக் கடிகாரப் பழுதாகக் காட்டிக்கொள்வதில்லை. அது நினைவகப் பிழையாகவும், செய்திப் பிழையாகவும், காரணமின்றி மீளத் தொடங்கும் கருவியாகவும் தோன்றும். நல்ல அட்டைகள் பல வீணே மாற்றப்படுவது இதனால்தான். பின்வரும் முறை பயன் தரும்.

1. பிழை ஓர் அட்டையில் மட்டும் உள்ளதா, ஒரே பஃபரிலிருந்து கடிகாரம் பெறும் பல அட்டைகளில் உள்ளதா எனக் குறித்துக்கொள்க. பலவற்றில் ஒருசேரத் தோன்றின் பஃபரையே முதலில் ஐயுறுக.

2. பஃபரின் மின்வழங்கல் அழுத்தத்தையும் அருகிலுள்ள மின்தேக்கியையும் சோதிக்க. ஈரப்பதம் மிகுந்த மலைப்பகுதிகளில் இணைப்பிகளின் துருவையும் நோக்குக.

3. ஆஸிலாஸ்கோப்பினால் பார்க்கும்போது பத்தில் ஒன்றாகக் குறைக்கும் புரோபையே உபயோகிக்க. நேர் புரோப் 100 பிகோ பாரட் அளவில் சுமை ஏற்றக்கூடும். அச்சுமையே புதிய பழுதை உண்டாக்கலாம், அல்லது இருந்த பழுதை மறைக்கலாம். புரோபின் தரைக்கம்பி மிகக் குறுகியதாக இருத்தல் வேண்டும்.

4. துடிப்பைப் பஃபரின் வாயிலில் மட்டும் பார்த்து நிறைவு கொள்ளலாகாது. துடிப்பைப் பெறும் சில்லின் வாயிலிலும் பார்க்க வேண்டும். கருவி கீழ்ப்படிவது அங்கு வந்து சேரும் துடிப்புக்கே.

5. தொடர் தடைகளை அதே மதிப்பால் மட்டுமே மாற்றுக.

வகுப்பறையில் ஒரு சோதனை

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழ்வழிப் பள்ளிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் எதிரொலியை எளிதாகக் காட்டலாம். வேண்டுவன: 74-ஹெச்சி-14 என்னும் மலிவான சில்லு ஒன்று, 20 மீட்டர் தொலைக்காட்சிக் கேபிள், சில தடைகள், 20 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலாஸ்கோப். சில்லின் ஆறு வாயில்களில் ஒன்றைத் தடையும் மின்தேக்கியும் கொண்டு சில நூறு கிலோஹெர்ட்ஸ் அலையாக்கியாக அமைத்து, மற்ற ஐந்தையும் இணையாகச் சேர்த்து டிரைவராக்குக. அதன் வெளியீட்டில் 68 ஓம் தடையைத் தொடராக வைத்து, 75 ஓம் சிறப்புத் தடையுள்ள கேபிளை இணைக்க.

கேபிளின் மறுமுனை திறந்திருக்கும்போது, தொடக்க முனையில் அலை பாதி உயரம் ஏறி, சற்று நின்று, பின்னரே முழு உயரத்தை எட்டும். நிற்கும் நேரம் துடிப்பு போய்த் திரும்ப ஆகும் நேரம். கேபிளின் வகைக்கேற்ப அது 160 முதல் 200 நானோ வினாடி இருக்கும். மறுமுனையை நேரிணைப்புச் செய்தால், பாதி ஏறிய அலை திரும்பப் பூஜ்யத்திற்கு விழும். 75 ஓம் தடையை இணைத்தால் பாதி உயரத்திலேயே அமைதியாக நிற்கும்; எதிரொலி இல்லை. திறந்த மறுமுனையில் புரோபை வைத்துப் பார்ப்பின், அங்கு அலை ஒரே ஏற்றத்தில் முழு உயரத்தை அடைவதைக் காணலாம். கேபிளின் நீளத்தை நிற்கும் நேரத்தின் பாதியால் வகுத்து, மின்துடிப்பின் வேகத்தை மாணவர்களே கணிக்கலாம். ஒளியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டும் அது அமையும்.

ஒளியின் வேகத்தை நெருங்கும் ஒன்றை ஒரு மேசையின் மீது அளந்துவிட்ட மாணவருக்குத் தாமதம் என்பது வெறும் சொல்லாக இராது. கஞ்சிக்கோட்டின் தொழிற்சாலையிலோ, மூலமற்றத்தின் மின்நிலையத்திலோ, மலைமேல் நிற்கும் ஒரு கோபுரத்தினடியிலோ பிற்காலத்தில் பணியேற்க நேரின், பழுதான கருவியின் முன் நின்று அவர் எழுப்ப வேண்டிய முதல் வினா இதுவே: துடிப்பு சரியாகப் பிறந்ததா என்பது மட்டுமன்று; எல்லா இடங்களுக்கும் அது சரியாகச் சென்று சேர்ந்ததா?